மாமையும் ஒளியும்: ஒளிப்படக் கலை பற்றிய ஒரு திறனாய்வு

ஒரே பொருளுக்குத் தமிழில் மூன்று பெயர்கள் வழங்கி வருகின்றன. புகைப்படம் என்பர் சிலர்; நிழற்படம் என்பர் சிலர்; ஒளிப்படம் என்பர் வேறு சிலர். புகை, நிழல், ஒளி ஆகிய மூன்றும் தம்முள் வேறானவை. ஆயினும் இம்மூன்று பெயர்களும் அக்கலையின் ஒவ்வொரு கூற்றைத் தொட்டுக் காட்டுகின்றன. ஒளி விழுந்த இடம் தெரிகிறது. நிழல் விழுந்த இடம் மறைகிறது. காலம் செல்லச் செல்ல எல்லாம் புகைபோல் மங்குகிறது. யார் முகத்தில் ஒளி விழவேண்டும், யார் முகம் நிழலில் கிடக்கவேண்டும் என்பதை இயற்கை மட்டுமே முடிவு செய்வதில்லை. கருவியைச் செய்தவனும், அதனைக் கையில் ஏந்தியவனும் சேர்ந்தே முடிவு செய்கின்றனர். ஒளிப்படக் கலையைத் திறனாய முற்படுவோர் முதலில் உணரவேண்டிய உண்மை இதுவாகும்.

கிள்ளான் பள்ளத்தாக்கில் இன்று ஏறத்தாழ ஒவ்வோர் இல்லத்திலும் படம் எடுக்கும் கைப்பேசி இருக்கிறது. மேருவில் உள்ள மாணவனும், பிரிக்பீல்ட்சில் பூத்தொடுக்கும் அம்மையாரும் நினைத்த மாத்திரத்தில் படம் எடுத்துவிடுகின்றனர். எடுக்கும் படங்களின் எண்ணிக்கை பெருகியிருக்கிறது. எடுப்பவரின் நோக்கு வளர்ந்திருக்கிறதா என்பதே வினா. இவ்வினாவிற்கு விடை தேடுவார்க்குத் தமிழகத்து ஒளிப்படக் கலைஞர் எம். பழனிகுமாரின் படைப்புகள் நல்ல துணையாக அமைகின்றன. அவர் படங்களின் சிறப்பையும் எல்லையையும் ஆராய்ந்து, கைப்பேசியின் கருவிகளை எவ்வாறு கையாளலாம் என்பதைக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கருவிக்கும் ஒரு கண் உண்டு

படக்கருவி உள்ளதை உள்ளவாறே காட்டும் என்பது பொதுமக்கள் நம்பிக்கை. வரலாறு அந்நம்பிக்கைக்கு முழுச் சான்று தரவில்லை. 1839ஆம் ஆண்டில் பாரிசு நகரில் தாகேர் என்பாரின் முறை உலகறிய அறிவிக்கப்பட்டது. 1851இல் பிரடெரிக் ஸ்காட் ஆர்ச்சர் என்னும் ஆங்கிலேயர் கண்ணாடித் தகட்டில் கொலோடியன் பூசிப் படம் எடுக்கும் முறையை வெளியிட்டார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பல்லாண்டுகள் கோலோச்சிய முறை அதுவே. அத்தகடு நீல ஒளியையே பெரிதும் உணரும். செம்மையும் மஞ்சளும் அதற்கு ஏறத்தாழ இருளே. மாநிறத் தோலிலிருந்து எழும் ஒளியிலோ செம்மையின் பங்கே மிகுதி. ஆகவே தமிழர் முகங்கள் உண்மையில் இருந்ததைக் காட்டிலும் கறுத்து, நுண்ணிய உணர்ச்சிகள் மறைந்து அத்தகடுகளில் பதிந்தன. பழைய படங்களில் காணும் முன்னோர் கல்லிற் செதுக்கியவர்போல் இறுகித் தோன்றுவதற்கு நெடுநேரம் அசையாது நிற்க நேர்ந்தது ஒரு காரணம். தகட்டின் இக்குறை மற்றொரு காரணம்.

வண்ணச் சுருள் வந்த பின்னரும் நிலைமை உடனே மாறிவிடவில்லை. படம் கழுவும் நிலையங்கள் நிறத்தை ஒப்புநோக்கிச் சரிசெய்வதற்காகக் கோடாக் நிறுவனம் அட்டைகளை அனுப்பி வந்தது. 1950ஆம் ஆண்டுகளில் பரவிய அவ்வட்டைகளில் வெண்ணிறப் பெண்ணொருத்தியின் உருவமே அளவுகோலாக அமைந்திருந்தது. அப்பெண்ணின் பெயரால் அவை ஷெர்லி அட்டைகள் எனப்பட்டன. வெண்ணிறத் தோல் செம்மையாகப் பதிந்தால் போதும் என்னும் எண்ணம் சுருளின் வேதியியலிலேயே கலந்திருந்தது. பின்னர்ச் சாக்லேட் செய்வோரும் மரத்தளவாடம் செய்வோரும் தம் பொருள்களின் பழுப்பு நிற வேறுபாடுகள் படத்தில் தெளிவாக விழவில்லை என்று முறையிட்டதும் திருத்தத்திற்கு ஒரு தூண்டுதலாயிற்று என்பதைக் கனடிய ஆய்வாளர் லோர்னா ராத் எடுத்துக்காட்டியுள்ளார். மாந்தர் முகத்திற்குக் கிட்டாத நீதி மரநாற்காலிக்குக் கிட்டியது என்பது எண்ணிப் பார்க்கத் தக்கது.

மின்னணுக் கருவிகளும் இக்குறைக்கு முற்றும் விலக்கல்ல. 2021ஆம் ஆண்டில் கூகுள் நிறுவனம் தன் பிக்சல் 6 கைப்பேசியில் கருந்தோல் முகங்களை உள்ளவாறு காட்டுவதற்கெனத் தனி ஏற்பாடு ஒன்றை அறிவித்தது. தீர்வை அறிவித்தபோதே அதற்கு முன்பிருந்த குறையும் அறிவிக்கப்பட்டதாயிற்று. கருவிக்கும் ஒரு கண் உண்டு. அக்கண் யாரைப் பார்த்துப் பழகியதோ அவரையே அழகாகக் காட்டும் என்பது இவற்றால் தெளிவாகும்.

மலாயாத் தமிழரும் அயலவர் நோக்கும்

கருவியின் குறையோடு கருவியை ஏந்தியவரின் நோக்கமும் சேர்ந்தது. 1868 முதல் 1875 வரை ஆங்கில அரசு வெளியிட்ட 'இந்திய மக்கள்' என்னும் எட்டுத் தொகுதிகளில் நானூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் இடம்பெற்றன. அவற்றில் மாந்தர் பலர் குலத்திற்கும் தொழிலுக்கும் எடுத்துக்காட்டுகளாக நிறுத்தப்பட்டனரேயன்றித் தம் பெயரோடு நிறுத்தப்படவில்லை. மலாயாவிலும் இதே முறை பின்பற்றப்பட்டது. 1867இல் சிங்கப்பூரில் தொடங்கப்பெற்ற ஜி. ஆர். லாம்பர்ட் நிலையம் இவ்வட்டாரத்தின் புகழ்பெற்ற படநிலையமாக விளங்கியது. 'கிளிங்' என்னும் பெயரிட்டுத் தமிழரைக் காட்டும் படங்கள் அக்காலத்தில் அயல்நாட்டுப் பயணிகளின் கைகளுக்குச் சென்றன. கிளைன்குரோத்தே என்னும் செருமானியர் 1907ஆம் ஆண்டளவில் வெளியிட்ட மலாய்த் தீபகற்பத் தொகுப்பில் இருப்புப் பாதையும் ஈயச் சுரங்கமும் தோட்டமும் பெருமிதமாகக் காட்சி தருகின்றன. அவற்றை உருவாக்கிய கைகளுக்கு உரியவர் யார், எந்த ஊரினர், அவர்தம் மக்கள் எங்கே என்னும் செய்திகளை அத்தகைய தொகுப்புகளில் தேடுவது வீண்.

இக்காலத்தில் மலேசியத் தமிழரைக் காட்டும் படங்களுள் உலகெங்கும் பரவியவை பத்துமலைத் தைப்பூசப் படங்களேயாகும். 1892ஆம் ஆண்டு முதல் கொண்டாடப்பட்டு வரும் அவ்விழாவைப் படம் எடுக்க ஆண்டுதோறும் பன்னாட்டினர் திரள்கின்றனர். அலகு குத்திய நாவும், காவடி சுமந்த முதுகும் அவர்தம் கருவிகளில் பதிகின்றன. 2006இல் எழுந்த 42.7 மீட்டர் உயர முருகன் சிலையும் பதிகிறது. அப்படங்கள் பொய்யானவையல்ல, ஆயினும் முழுமையானவையும் அல்ல. காவடி எடுத்த இளைஞன் மறுநாட் காலையில் துறைமுகக் கிளானில் எந்தப் பணிக்குச் சென்றான் என்பதை அப்படங்கள் சொல்வதில்லை. விழாவில் ஒரு நாள் வியப்புக்குரியவனாகத் தோன்றிய தமிழன், ஆண்டின் ஏனைய நாள்களில் பார்வைக்கே அகப்படாதவனாகிவிடுகிறான்.

பெரட்டுக் களமும், லயமும், மங்கும், நிரையும் மலேசியத் தமிழ்ச் சிறுகதையிலும் நாவலிலும் அழியாத இடம் பெற்றுள்ளன. எழுத்தாளர் தம் கடமையைச் செய்தனர். அவ்வெழுத்துக்கு இணையாக நிற்கத்தக்க படங்கள் மிகக் குறைவு. விடியுமுன் தலைவிளக்குடன் பால்மரத்தின் பட்டையைச் சீவிய தாய்மாருக்குத் தம்மைப் படம் எடுத்துக்கொள்ளப் பணமும் இல்லை, பொழுதும் இல்லை. திருமண நாளிலும் அடையாள அட்டைக்காகவும் எடுத்த படங்களே பல குடும்பங்களின் முழு வரலாறு.

பழனிகுமாரும் அவர் களமும்

இக்குறைகள் அனைத்தும் தமிழகத்து உழைப்பாளர்க்கும் உரியனவே. பழனிகுமாரின் முதன்மை அவர் அவ்வுழைப்பாளர் குடும்பத்திலேயே தோன்றியவர் என்பதில் தொடங்குகிறது. மதுரையை அடுத்த ஜவகர்லால்புரம் அவர் ஊர். அவர் தாயார் மீன் விற்றுக் குடும்பம் காத்தவர். 2014ஆம் ஆண்டு டிசம்பரில் இதழாளர் பி. சாய்நாத் தொடங்கிய இந்திய ஊரக மக்கள் ஆவணக் காப்பகமாகிய 'பாரி'யில் அவர் ஒளிப்படக் கலைஞராகப் பணியாற்றி வருகிறார். திவ்யபாரதி இயக்கி 2017இல் வெளிவந்த 'கக்கூஸ்' என்னும் ஆவணப்படத்தின் ஒளிப்பதிவாளரும் அவரே. மனிதக் கழிவை மனிதரே அகற்றும் தொழிலைத் தடைசெய்து 2013இல் இந்தியாவில் சட்டம் இயற்றப்பட்ட பின்னரும் அக்கொடுமை தொடர்ந்ததை அப்படம் அம்பலப்படுத்தியது. தயாநிதா சிங்-பாரி ஆவண ஒளிப்பட விருது 2022ஆம் ஆண்டில் முதன்முறையாக அவருக்கே வழங்கப்பெற்றது.

விருதுகளால் மட்டும் ஒரு கலைஞரை அளத்தல் பொருந்தாது. அவர் எடுத்துக்கொண்ட பொருளையும் எடுத்த முறையையும் நோக்க வேண்டும். இராமநாதபுர மாவட்டத்தில் பாரதிநகர் என்னும் மீனவர் குடியிருப்பு உண்டு. அவ்வூர்ப் பெண்கள் மன்னார் வளைகுடாத் தீவுகளை ஒட்டிய கடலில் மூழ்கிக் கடற்பாசி பறிப்பவர்கள். புடைவையை வரிந்து கட்டி, அதன்மேல் சட்டை அணிந்து, கண்ணுக்குக் கண்ணாடி இட்டு, பாறை கிழிக்காதிருக்க விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு அவர்கள் கடலில் இறங்குகின்றனர். 2019இல் வெளிவந்த இத்தொகுப்பில் பழனிகுமார் கரையில் நின்று தொலைவிலிருந்து காட்சியை வேடிக்கை பார்க்கவில்லை. அவர்கள் ஏறும் படகிலும் அவர்கள் நிற்கும் நீரிலும் அவர் நோக்கு நிலைகொள்கிறது. துணி சுற்றிய விரல் ஒன்றே பத்துப் பக்கக் கட்டுரைக்குரிய செய்தியைச் சொல்லிவிடுகிறது.

தூத்துக்குடி உப்பளப் பெண்களைப் பற்றி அபர்ணா கார்த்திகேயன் எழுதிய கட்டுரைக்கும் அவரே படம் எடுத்துள்ளார். உப்பளம் ஒளிப்படக் கலைஞர்க்குக் கடுமையான தேர்வுக்களம். படக்கருவி தன் முன்னுள்ள காட்சி நடுத்தரச் சாம்பல் நிறமானது என்று கொண்டே ஒளியை அளக்கிறது. 18 விழுக்காட்டு ஒளியைத் திருப்பும் சாம்பல் நிறமே அதன் மரபான அளவுகோல். வெண்மையாகப் பரந்து கிடக்கும் உப்பைக் கண்டதும் கருவி ஒளி மிகுந்துவிட்டதென்று கருதிப் படத்தை இருளச் செய்யும். அப்போது உப்பு சாம்பலாகும். அதனை வாரும் பெண்ணின் முகமோ கரியாகும். உப்பைக் காப்பதா, முகத்தைக் காப்பதா என்பது அங்கே வெறும் தொழில்நுட்ப வினாவன்று, அறவினாவுமாகும். கலைஞன் கருவியின் கணக்கை மறுத்துத் தானே ஒளியை அளந்து முகத்தைக் காக்கவேண்டும். பழனிகுமாரின் படங்களில் கரிய முகங்கள் தம் சுருக்கங்களோடும் வியர்வையோடும் கண்ணொளியோடும் தெளிவாக விளங்குகின்றன. கருமை அங்கே குறையாக நிற்கவில்லை. ஒளியைத் தாங்கும் நிறமாகவே நிற்கிறது.

முதல், கரு, உரி

தொல்காப்பியர் அகப்பாட்டிற்கு முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என மூன்றினை வகுத்தார். நிலமும் பொழுதும் முதல். அந்நிலத்துக்குரிய மரமும் மாவும் புள்ளும் தொழிலும் கரு. மாந்தர் ஒழுக்கம் உரி. இம்மூன்றும் ஒன்றையொன்று தழுவி நிற்கும்போது பாட்டு உயிர்பெறும். ஒளிப்படத்தைத் திறனாயவும் இப்பகுப்பு பெரிதும் உதவும். தமிழாசிரியர் ஒளிப்படக் கலைக்கெனப் புதிய அளவுகோலை வெளியிலிருந்து கடன்வாங்க வேண்டுவதில்லை.

பழனிகுமாரின் கடற்பாசிப் படங்களில் நெய்தல் நிலம் வெறும் பின்னணியாக நிற்பதன்று. கடலும் விடியற்பொழுதும் முதற்பொருளாகின்றன. படகும் பாசியும் பையும் துணி சுற்றிய விரலும் கருப்பொருளாகின்றன. அலைக்கும் சட்டத்திற்கும் இடையே பிழைக்கும் பெண்களின் துணிவும் கவலையும் உரிப்பொருளாகின்றன. தீவுகளைச் சூழ்ந்த கடல் தேசியப் பூங்காவாக ஆக்கப்பட்டதனால் அவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சென்ற இடங்களுக்கே செல்லத் தடை உண்டாயிற்று. இரங்கல் நெய்தலுக்குரிய உரிப்பொருள் என்பர். பண்டைய நெய்தல் தலைவி பிரிந்தவனை எண்ணி இரங்கினாள். இற்றைய நெய்தல் மகள் தனக்குரிய கடல் தன்னைவிட்டுப் பிரிக்கப்படுவதை எண்ணி இரங்குகிறாள். ஆனால் அவள் இரங்கி அமர்ந்துவிடவில்லை; மூச்சடக்கி மூழ்குகிறாள். அத்தொகுப்பின் தனிச்சிறப்பு இந்த வேறுபாட்டைக் காட்டியதிலேயே உள்ளது.

மற்றொரு சிறப்பும் குறிக்கத்தக்கது. அவர் படங்களோடு வெளிவரும் குறிப்புகளில் படத்தில் உள்ளவரின் பெயர், ஊர், தொழில் ஆகியவை இடம்பெறுகின்றன. பெயரிட்டு அழைத்தல் மதிப்பின் முதற்படி. குலத்திற்கு எடுத்துக்காட்டாக நிறுத்தப்பட்ட பாட்டனின் பேரன், இன்று தன் சொந்தப் பெயரோடு படத்தில் நிற்கிறான். கழிவுநீர்க் குழிகளில் உயிரிழந்தோரின் பிள்ளைகளைக் காட்டும் 'நானும் ஒரு குழந்தை' என்னும் கண்காட்சியின் தலைப்பே இந்நோக்கத்தை விளக்கப் போதுமானது. அத்தலைப்பு இரக்கத்தை யாசிக்கவில்லை. தனக்கு உரியதைக் கேட்கிறது.

தம் தாயைப் பற்றி அவர் எழுதிய கட்டுரையில் அவ்வம்மையாரின் வாழ்க்கையைத் தெருவிளக்குக் கம்பத்தோடு ஒப்பிட்டுள்ளார். ஒளியைத் தொழிலாகக் கொண்டவர் வாயினின்று வந்த இவ்வுவமை பொருள் ஆழமுடையது. விளக்குக் கம்பம் தெருவைக் காட்டுகிறது. அதனை யாரும் நின்று பார்ப்பதில்லை. உழைக்கும் தாயரின் நிலையும் அதுவே. ஒளி தந்தவளின்மீதே ஒளியைத் திருப்புதல் பழனிகுமார் மேற்கொண்ட பணியாகும்.

நிறையும் குறையும்

திறனாய்வு புகழுரையாக முடிந்துவிடலாகாது. துன்பத்தைக் காட்டும் படங்களுக்கு ஓர் இடர் உண்டு. ஒரே வகைத் துன்பம் திரும்பத் திரும்ப வரும்போது, பார்ப்பவர் மனம் மரத்துப்போகிறது. படத்தில் உள்ளவர் மறுபடியும் ஒரு வகைமாதிரியாகவே ஆகிவிடுகிறார். முன்னர்க் குலத்தின் வகைமாதிரி. இப்போது வறுமையின் வகைமாதிரி. பழனிகுமாரின் தொகுப்புகள் பெரும்பாலும் இவ்விடரைத் தாண்டி நிற்கின்றன. எனினும் உழைப்பின் கடுமை நிறைந்த அளவுக்கு ஓய்வின் இனிமையும், ஏளனமும் சிரிப்பும், வீட்டின் அமைதியும் இன்னும் மிகுதியாக இடம்பெற்றால் அம்மாந்தரின் உருவம் மேலும் முழுமை பெறும். கருப்பு மாந்தர் உழைக்கும்போது மட்டுமே அழகுடையர் என்னும் தவறான எண்ணத்திற்கும் இடமிருக்காது. சில படங்கள் அவற்றோடு சேர்ந்து வரும் கட்டுரையின் துணையின்றித் தனித்து நிற்க இயலாதவை என்பதையும் மறைத்தற்கில்லை. ஆவணப் படத்திற்கு இது பெருங்குறையன்று. கலைப்படைப்பாக அளக்கும்போது மட்டும் எண்ணத் தக்கது.

இக்குறைக்கு அவரே ஒரு வழியும் கண்டுள்ளார் எனலாம். மீனவர், துப்புரவுப் பணியாளர் முதலிய உழைப்பாளரின் பிள்ளைகளுக்கு அவர் ஒளிப்படக் கலையைக் கற்பித்து வருகிறார். வெளியிலிருந்து வந்த கலைஞன் எத்துணை அன்புடையவனாயினும் மாலையில் ஊர் திரும்பிவிடுவான். பிள்ளையோ தன் தாயோடு அதே கூரையின்கீழ் உறங்குகிறது. தாய் தலை வாருவதையும், அண்டை வீட்டாரோடு சிரிப்பதையும் பிள்ளையின் கண்ணே காணும். மலேசியத் தமிழாசிரியர் மிகக் கூர்ந்து நோக்க வேண்டிய பகுதி இதுவேயாகும்.

கைப்பேசியின் கருவிகள்

பிள்ளைகளின் கையில் கருவி ஏற்கெனவே வந்துவிட்டது. அதனுள் அமைந்த வசதிகள் சில நல்ல துணைவர். சில இனிய பகைவர். வேறுபாடறிந்து கொள்ளுதல் கல்வியின் கடமை.

முதலில் பகைவரைக் காண்போர் அழகூட்டும் வசதியையே சுட்டுவர். சில கைப்பேசிகளில் அது வாங்கும்போதே இயங்கும் நிலையில் இருக்கும். மருவும் சுருக்கமும் மறைகின்றன, மூக்கு சுருங்குகிறது, கன்னம் வெளுக்கிறது. சங்க அகப்பாடல்களில் தலைவியின் நிறம் மாமை எனப் போற்றப்பட்டது. மாந்தளிர் போன்ற ஒளியுடைய மாநிறம் அது. தலைவன் பிரிவால் அம்மாமை கெட்டு உடல் வெளிறுதலைப் பசலை என்றனர். குறுந்தொகையில் வெள்ளிவீதியார் பாடிய தலைவி தன் மாமையைப் பசலை உண்டழிப்பதற்காகவே வருந்துகிறாள். வெளிறுதல் நோயென்றும் மாமையே அழகென்றும் கருதிய மரபின் பிள்ளைகள் இன்று விரும்பிப் பசலை பூசிக்கொள்கின்றனர்! அக்காலத் தலைவிக்குப் பிரிவு பசலை தந்தது. இக்கால மாணவிக்குக் கைப்பேசி பசலை தருகிறது. அவளும் தன் முகத்தைவிட்டே பிரிகிறாள். பதினைந்து அகவைப் பெண்ணொருத்தி தன் இயல்பான முகத்தைப் பிறர்க்குக் காட்ட நாணுவாளாயின், அது அழகுணர்ச்சி பற்றிய செய்தியன்று. தன்மதிப்பு பற்றிய செய்தி. அவ்வசதியை அணைத்து வைத்தல் ஒளிப்படக் கல்வியின் முதற்பாடமாக அமைதல் வேண்டும்.

இரண்டாவது, பின்னணியை மங்கலாக்கும் உருவப்பட வசதி. முகம் தெளிவாகவும் ஏனையவை கலங்கியும் தோன்றுவதால் படம் கவர்ச்சியாக இருக்கும். பெரிய ஆடியுடைய கருவிகளில் இயற்கையாக நிகழ்வதைக் கைப்பேசி கணக்கிட்டுப் போலியாகச் செய்கிறது. முதலும் கருவும் அழிக்கப்பட்டு உரி மட்டும் எஞ்சுகிறது. மலேசியத் தமிழர்க்கு இதனால் விளையும் இழப்பு பெரிது. மேருவை அடுத்து இன்று செத்தியா ஆலாம் நகரம் எழுந்துள்ள நிலம் முன்னர் நார்த் ஹம்மோக் தோட்டமாக இருந்தது. புக்கிட் ராஜா தோட்டத்தின் பெரும்பகுதியும் நகராகிவிட்டது. பால்மரம் செம்பனையாயிற்று, செம்பனை மாடிவீடாயிற்று. லயத்து வாசற்படியில் அமர்ந்த பாட்டியின் பழைய படத்தில் இன்று ஆய்வாளர் தேடுவது பாட்டியின் முகத்தை மட்டுமன்று. அவர் பின்னே சாத்தியிருந்த வாளியையும், கொடியில் காய்ந்த உடையையும், தொலைவில் தெரிந்த கோயிலையும் தேடுகின்றனர். பின்னணியை மங்கலாக்கும் ஒவ்வொரு முறையும் ஓர் ஊர் அழிகிறது எனலாம்.

இனித் துணைவர். திரையில் முகத்தின்மேல் விரலை வைத்தால் கருவி அவ்விடத்து ஒளியையே அளக்கத் தொடங்கும். பல கைப்பேசிகளில் அங்கே ஒரு ஞாயிற்றுக் குறி தோன்றும். அதனை மேலே தள்ளினால் ஒளி மிகும், கீழே தள்ளினால் குறையும். உப்பளத்தில் பழனிகுமார் எதிர்கொண்ட அதே அறவினா, கிள்ளானில் வெயில் கொதிக்கும் நண்பகலில் வெள்ளைச் சுவரின்முன் நிற்கும் தந்தையைப் படம் எடுக்கும் மாணவனுக்கும் எழுகிறது. விரலைத் தந்தையின் முகத்தில் வைத்தால் தந்தை தெரிவார். வைக்கத் தவறினால் சுவரே தெரியும். விலையேதுமில்லாத இச்சிறு செயலைக் கற்பிக்க ஐந்து நிமிடம் போதும்.

இரவு வசதி மற்றொரு துணைவன். அது சில நொடிகளுக்குள் பல படங்களை எடுத்து ஒன்றாகச் சேர்த்து, இருளில் மறைந்தவற்றை வெளிக்கொணர்கிறது. தெங்கு கிளானா சாலையில் இரவில் மாலை கட்டுவோரையும், விடியுமுன் பணிக்குப் புறப்படுவோரையும் அதனால் படம் எடுக்க இயலும். முன்னாளில் தலைவிளக்கோடு மறைந்துபோன முகங்களை அன்று காட்ட வழியில்லை, இன்று உண்டு. ஆயினும் இரவைப் பகலாக்கிவிடாது சற்றே ஒளியைக் குறைத்து எடுத்தால், பொழுதும் பிழைக்கும், முகமும் பிழைக்கும். திரையில் ஒன்பது கட்டங்களாகத் தோன்றும் கோடுகளும் நல்லனவே. அவை படத்துள் மாந்தர்க்கு எவ்விடம், நிலத்திற்கு எவ்விடம் என்று எண்ண வைக்கின்றன. எடுத்த படத்தைத் திருத்துவதற்கு ஸ்னாப்சீட் போன்ற இலவசச் செயலிகள் உள்ளன. நிழலைச் சிறிது உயர்த்துவதோடு நிறுத்திக்கொள்பவரே நல்ல மாணாக்கர். சமைத்த உணவில் உப்பு இடுதற்கும், உப்பில் உணவு சமைத்தற்கும் உள்ள வேறுபாட்டை அவர் அறிந்தவராவார்.

மற்றுமொன்று உண்டு. கைப்பேசி எடுத்த ஒவ்வொரு படத்துள்ளும் நாளும் நேரமும் தாமாகவே பதிகின்றன. வாட்ஸ்அப் புலனத்தின் வழியே வழக்கமான முறையில் அனுப்பும்போது படம் சுருங்குவதோடு அக்குறிப்புகளும் உதிர்ந்துவிடுகின்றன. மூலப்படத்தைத் தனியே சேமித்து, படத்தில் உள்ளவர் பெயர், ஊர், தொழில், நாள் ஆகியவற்றை எழுதி வைத்தல் இன்றியமையாதது. பெயரில்லாத படம் முகவரியில்லாத மடல் போன்றது. ஒருவரைப் படம் எடுக்குமுன் அவர் இசைவைப் பெறுதலும், எடுத்த பின் அவரிடமே காட்டுதலும் இக்கலையின் ஒழுக்கமாகும். கேளாமல் எடுத்த படம், எத்துணை அழகாயினும், பழைய அஞ்சலட்டைகளின் வழித்தோன்றலே.

தொடங்க வேண்டிய இடம்

மேரு பெரிய நகரமன்று. சுற்றுலாப் பயணிகள் தேடிவரும் கோபுரமோ மலைக்குகையோ அங்கே கிடையாது. காலைச் சந்தையும், செம்பனைக் குலை ஏற்றிச் செல்லும் கனவுந்தும், தேநீர்க்கடை வாசலில் நாளிதழ் படிக்கும் முதியவரும், தோட்டத்தை விட்டு வந்து அடுக்குமாடி வீட்டின் முற்றமில்லா வாசலில் துளசித் தொட்டி வைத்த பாட்டியுமே இத்தகைய சிற்றூர்களின் செல்வங்கள். ஒளிப்படக் கலைக்குரிய பொருள் இவையல்ல என்று எண்ணுவோர் பழனிகுமாரின் படங்களைக் காணல் வேண்டும். துணி சுற்றிய விரலில் ஒரு கடலைக் கண்டவர்க்கு, பால்வெட்டிய கத்தியின் தழும்பு படிந்த விரலில் ஒரு நாட்டின் வரலாற்றைக் காண்பது அரிதன்று.

தமிழ்ப்பள்ளிகளில் கட்டுரைப் பயிற்சிக்கு 'என் பாட்டி' என்னும் தலைப்பு பன்னெடுங்காலமாக வழங்கி வருகிறது. மாணவர்களும் வெண்ணிற நரை, பொக்கை வாய், இனிய கதை என்று ஒரே பாட்டியை எழுதித் தருகின்றனர். அக்கட்டுரையை எழுதுமுன் பாட்டியின் கைகளைப் பின்னணி மங்காமல், அழகூட்டாமல், அவர் இசைவோடு ஒரு படம் எடுத்து வருமாறு பணித்தால், ஒவ்வொரு கட்டுரையிலும் ஒவ்வொரு பாட்டி தோன்றுவார். எந்தத் தோட்டம், எந்த ஆண்டு, எத்தனை மரம் என்னும் வினாக்கள் தாமே எழும். பாட்டி விடை சொல்வார். ஒளிப்படம் மொழிப்பாடத்திற்குப் பகையாகாது. கண்ணைத் திறந்து சொல்லை வருவிக்கும் தூண்டுகோலாகும். விடை சொல்லவல்ல முதியோர் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர் என்பதை ஆசிரியர் மறத்தலாகாது.

கருவி எளிதாயிற்று, ஒளி இலவசம், முகங்கள் அருகிலேயே உள்ளன. தேவைப்படுவது நோக்கு ஒன்றே. அந்நோக்கைத் தரும் பணி தமிழாசிரியருடையது. மாமையை அழகென்று பாடிய மொழியைக் கற்பிக்கும் வகுப்பறையில், மாமை நிறத்துப் பிள்ளை தன் முகத்தையும் தன் தாயின் முகத்தையும் வெளுக்காமல் காணக் கற்றுக்கொள்ளுமானால், அன்று நிழற்படம் என்னும் பெயர் வழக்கொழிந்து ஒளிப்படம் என்னும் பெயரே நிலைபெறும்.